ஸ்டார்ட் பண்ணக் கூடாத பேட்டரி



"டீச்சர், அமெரிக்கா போய் மூணு மாசமாச்சு, ஒரு போட்டோகூடக் காணோமே, என்னதான் செய்றீங்க?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். டார்ச் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நிஜமாகத்தான். ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விமான நிலையம். அங்கே ஒரு தகரக் கொட்டகைக்குள் மகன் விமானத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு வயர் மாட்டுகிறான். நான் டார்ச் பிடிக்கிறேன்.

ஆமாம், சொந்த விமானம்தான். உடனே யாரும் கைமாற்று கேட்டு வந்துவிடாதீர்கள். இந்த நாட்டில் வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வளைத்த அலுமினியத் தகடுகளைக் கம்பெனி பெட்டியில் போட்டு அனுப்பும். பாதிக்கு மேற்பட்ட வேலையை நாமே செய்திருக்க வேண்டும் என்பது அரசாங்க விதி. என் மகன் வான்ஸ் கம்பெனியின் ஆர்வி-9ஏ என்கிற இரண்டு பேர் உட்காரும் விமானத்தைக் கார் ஷெட்டில் வைத்து ஆறு வருஷம் ரிவெட் அடித்தான். உள்ளே உட்காருகிறவர் கண்ணில் படும்படி, இது அமெச்சூர் ஆட்கள் கட்டியது, மற்ற விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று ஒரு எச்சரிக்கை ஒட்டியிருக்க வேண்டும். அதைப் படித்த அன்றே நான் இறங்கிவிட்டேன். இன்னும் ஏறவில்லை.

நான் இங்கே வருவதற்கு முன், பிப்ரவரியில், ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. மகனும் மருமகளும் பேரனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இண்டியானாவில் ஒரு சின்ன ஊருக்குப் பறந்துபோய் மதியம் சாப்பிட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தால் விமானம் உயிரில்லாமல் நிற்கிறது. மெயின் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக்கும் இல்லை.

பழைய விமானமாக இருந்தால் பேட்டரி செத்தாலும் காற்றாடியைக் கையால் சுற்றிக் கிளப்பிவிடலாமாம். கை போகிற வேலை அது, யாரும் செய்யாமலிருப்பதே நல்லது. ஆனாலும் கிளம்பும். ஏனென்றால் அவற்றில் மேக்னெட்டோ என்று ஒன்று உண்டு. நம் சைக்கிள் டைனமோவின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சுற்றினால் காந்தம் சுற்றும், காந்தம் சுற்றினால் தீப்பொறி வரும். பேட்டரியின் தயவே வேண்டாம். அதிலும் இரண்டு வைத்திருப்பார்கள், ஒன்று போனால் இன்னொன்று. என் மகன் இரண்டையும் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தான். எளிதாக ஸ்டார்ட் ஆகும், பெட்ரோல் மிச்சம். ஆனால் பேட்டரியோ ஆல்டர்னேட்டரோ மின்சாரம் தந்தால்தான் பொறி. இரண்டும் கைவிட்டால் எஞ்சின் நின்றுவிடும், மேலே பறந்துகொண்டிருந்தாலும்.

அன்றைக்கு யாரோ ஒரு புண்ணியவான் தன் கார் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்திருக்கிறார். எஞ்சின் கிளம்பியது. அப்படியே இவர்களும் கிளம்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் மருமகளுக்கு உறைத்திருக்கிறது: செத்த பேட்டரியோடு, ஆல்டர்னேட்டர் ஒன்றை மட்டும் நம்பி, நூறு மைலுக்கு மேல் பறந்து வந்திருக்கிறோம். அவள் சத்தம் போடுகிறவள் இல்லை. "நானும் ஏற மாட்டேன், பிள்ளையையும் ஏத்தாதீங்க" என்று ஒரு வரி சொன்னாளாம். நான் வந்து இறங்கியபோது வீட்டில் அந்த ஒரு வரிதான் நடமாடிக்கொண்டிருந்தது.

மகன் இரண்டாவது பேட்டரி வைக்க முடிவு செய்தான். ஒரு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் படம் போட்டு எனக்கு விளக்கினான். பிள்ளைகள் படம் போட்டால் நான் சிவப்புப் பேனாவைத் தேடுகிற ஆள். முதல் பேட்டரி இங்கே, இரண்டாவது அங்கே, நடுவில் ஒரு பெரிய சுவிட்ச். முதல் பேட்டரி செத்துப்போனால் அந்த சுவிட்சைப் போட்டு இரண்டாவதை வைத்து ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். "இனி எந்த ஊர்லயும் மாட்டிக்க மாட்டோம்மா" என்றான்.

"சரிடா தம்பி. அப்படி ஸ்டார்ட் பண்ணிட்டு மேலே போனப்புறம், துணைக்கு எது இருக்கும்?"

அவன் பதில் சொல்லவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு தடவை சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்று அவனே கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொல்லியிருந்தான்.

அந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. 2012இல் நம் பக்கம் கரண்ட் போன லட்சணம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் போனால் அது நல்ல நாள். உங்கள் கணக்கு சாருக்கு இளைப்பு இருந்ததும் உங்களுக்குத் தெரியும். நெபுலைசருக்காகத்தான் சேமிப்பை எடுத்து இன்வெர்ட்டர் வாங்கினோம். ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு அவருக்கு இளைப்பு எடுத்தது. நெபுலைசரைப் போட்டேன். அரை நிமிடம் ஓடியது, இன்வெர்ட்டர் கீச் கீச் என்று கத்தியது, நின்றுவிட்டது. இருட்டில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, ஆட்டோ பிடித்து, அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார். அப்போது அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த மகனிடம், "இன்வெர்ட்டர் ரிப்பேர்" என்று மட்டும் சொன்னேன்.

ரிப்பேர் ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்து வரை கரண்ட் இல்லை. நான் இரண்டு ஃபேனைப் போட்டுக்கொண்டு சீரியல் பார்த்தேன். மறுநாள் சட்னிக்கும் அரைத்து வைத்தேன். பத்து மணிக்கு வந்த கரண்ட் பதினொன்றுக்கே போய்விட்டது, பேட்டரி ஏறவே இல்லை. அவர் இருந்த வரை இதை என்னிடம் கேட்டதில்லை. கணக்கு வாத்தியார், கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார். நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று அந்த மேஜையில் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மருமகள் குழாயை மூடிவிட்டாள்.

மகன் கொஞ்ச நேரம் கழித்துப் படத்தில் அந்தப் பெரிய சுவிட்சை அடித்தான்.

புதுப் படம் இப்படி. இரண்டாவது பேட்டரி சின்னது, 9 ஆம்பியர்-மணி. அது ஸ்டார்ட்டரைத் தொடவே முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு டயோடு. சைக்கிள் டியூப் வால்வு மாதிரி: காற்று உள்ளே போகும், வெளியே வராது. ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் போய் அதை நிரப்பும், ஸ்டார்ட்டர் எவ்வளவு இழுத்தாலும் திரும்பி வராது. அதன் சொத்து முழுவதும் இக்னிஷனுக்கும் முன்னால் இருக்கும் ஒரு திரைக்கும் மட்டும். இதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. முன்பெல்லாம் ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட் இறங்கித் திரை அணைந்து மறுபடி முதலிலிருந்து எழும்பும், இப்போது அணைவதில்லை. எர்த் வயருக்கும் தனி போல்ட். இரண்டு பேட்டரியும் ஒரே போல்ட்டில் வந்து சேர்ந்தால் அந்த போல்ட் தளர்ந்த அன்றைக்கு இரண்டுமே இல்லை.

அப்படியானால் குளிரில் எண்ணெய் கெட்டியாகி ஸ்டார்ட்டர் திணறினால்? அதற்கு எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு, உள்ளே ஒரு சாக்கெட். தரையில் இருக்கிற வேறு பேட்டரியிலிருந்து கேபிள் செருகி ஸ்டார்ட் செய்யலாம். ஆனால் முதல் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அன்றைக்குப் பயணமே இல்லை, சார்ஜ் ஏற்றிய பிறகுதான். இந்த விதி மருமகள் சொன்னது. செக்லிஸ்ட்டில் அவள் கையெழுத்திலேயே இருக்கிறது.

இந்த ஊர் ரைட் சகோதரர்களின் சொந்த ஊர். முப்பது வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன், ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியாது, மகன் சொல்லித்தான் தெரிந்தது. 1903 டிசம்பர் 17 அன்று அவர்கள் எஞ்சினைக் கிளப்பியது நான்கு டிரை செல் பேட்டரிகளை வைத்து. கிளப்பியதும் அவற்றைக் கழற்றித் தரையிலேயே விட்டுவிட்டார்கள். பறக்கும்போது பொறி கொடுத்தது மேக்னெட்டோ. அடுத்த முறை அந்தப் பாடம் நடத்துகிற என் மாணவ ஆசிரியர்கள் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பேட்டரியின் எடை சுமார் இரண்டே முக்கால் கிலோ. அதற்காக விமானத்தின் எடையையும் சமநிலையையும் மறுபடி கணக்குப் போட்டுப் பதிவேட்டில் எழுதினான். அந்த அறுவையை உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

சோதனைதான் எனக்குப் பிடித்தது. இக்னிஷனும் திரையும் சேர்ந்து மூன்றரை ஆம்பியர் எடுப்பதாக மகன் அளந்திருந்தான். 21 வாட் கார் பல்பு இரண்டைப் பக்க இணைப்பில் மாட்டினால் அதே மூன்றரை. நம் பள்ளிக்கூட அறிவியல் அலமாரியில் இருந்த அதே சோதனை, ஈயப் பற்றவைப்பு மட்டும் கொஞ்சம் ஒழுங்கு. போன சனிக்கிழமை முழுசாக நிரப்பிய புது பேட்டரியில் பல்புகளை மாட்டினோம். மருமகள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து போனில் நேரம் பார்த்தாள். ஒரு மணி நேரம் ஆனதும் மகன், "போதும், ஒரு மணி நேரத்துல எங்கேயாவது இறங்கிடலாம்" என்றான். அவள் "எரியட்டும்" என்றாள். பல்பு மங்கி வோல்ட் 11க்கு இறங்கியபோது ஒரு மணி 52 நிமிடம்.

அன்றைய தேதியை மார்க்கரால் பேட்டரி மேல் எழுதினாள். வருஷா வருஷம் இதே சோதனை, ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தால் புது பேட்டரி என்றாள். அப்புறம், "ஞாயித்துக்கிழமை வானிலை எப்படி?" என்று கேட்டாள்.

பேரன் துள்ளிக் குதித்தான்.

"நீ இல்லடா. முதல்ல நான் போய்ட்டு வரேன். நீ பாட்டிகூட இரு."