தகர டப்பாவுக்குள் ஒரு சாட்சி

குடிசை எரிந்தால் மறுநாள் பத்திரிகையில் 'மின்கசிவே காரணம்' என்று வந்துவிடுகிறது. மின் இணைப்பே இல்லாத குடிசைக்கும் அதே வரியைப் படித்தபோது மனசு கொதித்தது. எரிந்த இடத்தில் உண்மையைத் தேடுவது யார், எப்படி? காரைக்குடி நண்பர் ஒருவர், தடய அறிவியல் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று கோட்டையூரில் இருக்கும் பெரியவரிடம் அழைத்துப் போனார்.

பின்கட்டில் பழைய ஆத்தங்குடிக் கற்கள் நான்கை மண்ணில் பாவி, கோரைப்பாய்த் துண்டை விரித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திக் காட்டினார். பாய் கருகி அணைந்தது. மேற்சாம்பலைக் கொத்துக்கரண்டியால் ஒதுக்கி, கல் இடுக்கு மண்ணைச் சுரண்டி என் மூக்கருகே நீட்டினார். வாடை அப்படியே இருந்தது.

"சூடு மேல போகும் தம்பி. இடுக்குல இறங்குன எண்ணெய்க்குக் காத்து கிடைக்காது, மிஞ்சிரும்."

தீயணைப்பு வண்டி பீய்ச்சும் தண்ணீரிலும் அது கரையாது. ஆகவே, கீழடி அகழாய்வில் குழிமண்ணை அடுக்கடுக்காக எடுப்பதுபோல, சரிந்த கூரைச் சாம்பலை விலக்கிக்கொண்டே தரைவரை போகவேண்டும்.

சுரண்டிய மண்ணைப் புதுத் தகர டப்பாவில் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டு, மூடியைத் தட்டி இறுக்கினார். எண்ணெய் படாத மூலை மண் இன்னொரு டப்பாவுக்குப் போனது, ஒப்பிட்டுப் பார்க்க. நுரைமெத்தையும் பிளாஸ்டிக்கும் எரிந்தாலே பெட்ரோலில் உள்ள சில ரசாயனங்கள் வந்துவிடுமாம். ஒப்பீடு இல்லாமல் பழி சொல்லக் கூடாது.

ஆய்வகத்தில் டப்பாவைச் சூடாக்கி, உள்ளே தொங்கவிட்ட கரித்துண்டில் ஆவியை ஏற்றி, கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் செலுத்துகிறார்கள். மண்ணெண்ணெய் என்றால் வரைபடத்தில் முகடுகள் சீரான இடைவெளியில் நிற்கும். பெட்ரோல் என்றால் வேறு வரிசை.

1849இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் அலுவலகத்தின் வழிவந்தது நம் தடய அறிவியல் துறை. அத்தனை பழைய துறைக்கு வந்துசேரும் சாம்பல் எப்படி இருந்தது? கேரி பேக்கில் முடிந்து, வாரக்கணக்கில் வெயில் அறையில் கிடந்துதான் பலமுறை தன் மேசைக்கு வந்தது என்றார் பெரியவர். பாலித்தீனில் ஆவி கசிந்துவிடும். ஈரமண்ணில் நுண்ணுயிர்களே பெட்ரோலைத் தின்றுவிடும். அதற்குள் சமரசத் தரகர் வந்து, "வாங்கிக்கிட்டு விட்டுடு" என்று ஏழையின் கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து, இடத்தையும் கூட்டச் சொல்லிவிடுவார். இது சமரசம் அல்ல, தடய அழிப்பு.

அறிவியல் இல்லாத இடத்தில் அப்பாவியும் சாவான். 1991இல் அமெரிக்காவின் டெக்சாஸில் வீடு எரிந்து மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். கரிந்த தரையின் தோற்றத்தையும் விரிசல் விட்ட கண்ணாடியையும் வைத்துத் தகப்பன் வில்லிங்காமே கொளுத்தினார் என்றார்கள். 2004இல் மரண தண்டனையும் நிறைவேறியது. அந்த முடிவுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று பின்னர் நிபுணர்கள் சொன்னார்கள்.

வீட்டுக்குத் தீ வைப்பது ஆயுள் தண்டனை வரை போகும் குற்றம். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நேரில் வரவேண்டும் என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். ஆனால் அதைக் கட்டாயமாக்க மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தந்திருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம். தீ வைத்திருப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தால் சாம்பலைக் கூட்டாதீர்கள், யாரையும் மிதிக்க விடாதீர்கள். தடய நிபுணர் வரவேண்டும் என்று புகாரிலேயே எழுதிக் கொடுங்கள்.