ஆறுமணிக் குருவி வந்த பிறகு

கண்டியில் பனி கொட்டாது. ஜனவரி விடியலில் வெப்பம் 18 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டால் போதும், ஊர் முழுக்க அதே பேச்சுத்தான். முச்சக்கர வண்டிக்காரர் காதைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொள்வார். பள்ளிப் பிள்ளைகளின் கம்பளிச் சட்டை அலுமாரியை விட்டு வெளியே வரும். நுவரெலியாவில் உறைபனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிட்டது என்று செய்தி வந்தால், சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிற கண்டிக்காரருக்கு லேசான பொறாமைகூட வரும்.

ஆனாலும் இந்த ஊரின் குளிர்காலத்துக்கு நம்பகமான கட்டியக்காரர் ஒருவர் உண்டு. இமயத்தின் அடிவாரத்திலும் இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஒக்டோபர் வாக்கில் இலங்கைக்கு வந்து, ஏப்ரல் வரை தங்கிப்போகிற ஆறுமணிக் குருவி. மைனாவைவிடச் சிறிய உடல், குட்டை வால், பச்சை முதுகு, அடிவயிற்றில் செம்மை. மர நிழலில் சருகைக் கிளறிக்கொண்டு திரியும். கண்ணில் படுவது அபூர்வம். காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் இரண்டு சுரத்தில் கூவும். தமிழில் இதற்குப் பேர் வைத்தவரின் கையில் கடிகாரம் இருந்திருக்க வேண்டும்.

சிங்களத்தில் இது ‘அவிச்சியா’. ஒரு காலத்தில் மயிலின் தோகை இந்தக் குருவிக்குத்தான் சொந்தமாம். குளிக்கப் போனபோது கரையில் கழற்றி வைத்ததை மயில் அணிந்துகொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து ‘அயித்தம், அயித்தம்’ என்று, தன் அணிகலனைக் கேட்டு, காடு முழுக்கக் கத்தித் திரிகிறதாம் குருவி.

இரவல் இறகு பற்றிய பேச்சு கண்டிக்கு வேறு வகையிலும் பழக்கம். ‘இரவல் இறகுகள்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு 1905இல் கண்டியிலிருந்து ஒரு சிறு நூல் வெளிவந்தது. எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இலங்கையின் கனிம அளவைப் பணிப்பாளர். பாறை பார்க்க மலைநாட்டில் அலைந்தவரின் கண்ணில் மனிதர்கள் பட்டார்கள். ஊரின் வெயிலுக்கும் மரபுக்கும் ஒவ்வாத ஐரோப்பிய உடையை அவர்கள் மாட்டிக்கொண்டு திரிந்ததுதான் அவரை எழுத வைத்தது.

இன்று அவர் இருந்திருந்தால், ஆண்டு பிறக்கும்போது கைத்தொலைபேசியில் வந்து விழுகிற ‘இயற்கை வாழ்வு’ ஆலோசனைகளைப் பார்த்துச் சிரித்திருப்பார். பனிக்கட்டி மிதக்கும் நீரில் முங்கு, ஊசியிலைக் கிளையில் மாலை கட்டு, பைன் வாசனை மெழுகுதிரி ஏற்று. கண்டியில் பைன் இல்லாமல் இல்லை. ஹந்தானைச் சரிவில் தோப்புத் தோப்பாக நிற்கிறது. அதுவும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டதே. அதன் அடியில் காய்ந்த ஊசிச் சருகைத் தவிர வேறு எதுவும் எளிதில் தலையெடுப்பதில்லை.

ஊரின் சொந்தக் குளிர்காலப் பழக்கம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். மார்கழித் திருவாதிரைக்கு முந்திய பத்து நாட்களும் கட்டுக்கலைச் செல்வ விநாயகர் கோவில் போன்ற ஆலயங்களில் திருவெம்பாவை. ஜனவரி முதலாம் திகதி பல ஆண்டுகளில் இந்தப் பத்து நாட்களுக்குள்ளேயே விழுந்துவிடும். ஆகவே கோவிலுக்குப் புறப்படுமுன், ஆங்கிலப் புத்தாண்டைப் பச்சைத்தண்ணீர்க் குளியலோடு தொடங்குகிறவர்கள் கண்டியில் எத்தனையோ பேர். புதிய ஆண்டுக்குச் சபதம் எடுத்தோம் என்று அவர்களில் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

குளித்து வந்தால் இலைக்கஞ்சி. சிங்கள அயலவர் ‘கொல கெந்த’ என்பார்கள். கடைப்பலகையிலும் அப்படியே எழுதியிருக்கும். சிவப்பரிசி ஒரு பிடியைக் குழைய வேகவிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, வல்லாரையோ சாத்தாவாரியோ கறிவேப்பிலையோ அரைத்துப் பிழிந்த சாற்றைக் கடைசியில் சேர்ப்பது வழக்கம். முன்கூட்டியே சேர்த்துக் கொதிக்க விட்டால் பச்சை நிறம் செத்துப்போகும், வாசனையும் போய்விடும். கஞ்சியில் சீனி போடுவதில்லை. கித்துல் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு, ஒரு மிடறு கஞ்சி. சளி பிடித்தவருக்குக் கஞ்சிக்குப் பதில் கொத்தமல்லி அவித்த தண்ணீர்: வறுத்த கொத்தமல்லி, இஞ்சி, ‘வெனிவெல்’ என்கிற மரமஞ்சள் கொடித் துண்டு. முகத்தைச் சுளிக்க வைக்கிற கைப்பு.

அதே மரமஞ்சளை இன்னொரு வீட்டில் வேறு சட்டியில் அவிப்பார்கள். கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பகுதியில், மருள் செடியின் நாரைச் சீவி எடுத்து, சாயமேற்றி, தரையோடு ஒட்டிய தறியில் பாய் நெய்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மஞ்சளுக்கு வெனிவெல், சிவப்புக்குப் ‘பதங்கி’ என்கிற சப்பங்க மரச் சீவல், கறுப்புக்குக் கடுக்காய். குமாரசுவாமியும் அவருடைய முதல் மனைவி எதெல் பார்ட்ரிட்ஜும் இத்தகைய கைவேலைகளைத்தான் கண்டிப் பகுதி ஊர்களில் தேடித்தேடிப் பார்த்தார்கள். எதெல் படம் பிடித்தார். அந்த உழைப்பு 1908இல் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலானது. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே கை அச்சுப்பொறியில், 425 பிரதிகள் மட்டும். பின்னாளில் எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கைத்தறிக்காரரான அவர், தாவரச் சாயங்கள் பற்றி 1916இல் ஒரு நூல் எழுதினார். கண்டி நாட்களுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்ல முடியாது. இல்லை என்று சொல்லவும் மனம் வராது.

இந்தச் சாயவேலையில் ஒரு துளியை வீட்டு அடுப்பிலேயே செய்து பார்க்கலாம். படிகார நீரில் ஒரு இரவு ஊறிய வெள்ளைப் பருத்தித் துணி, பதங்கிச் சீவல் கொதித்த பானை, ஒரு மணி நேரப் பொறுமை. மஞ்சள் வேண்டுமானால் சமையல் மஞ்சளே போதும். ஆனால் நாலு வெயிலில் வெளுத்துவிடும். வெனிவெல்லைத் தேடிப் போகாமல் இருப்பது நல்லது. அது காட்டுக்கொடி, மருந்துக்கென்று வெட்டி வெட்டியே அருகிவிட்டது. இயற்கை மருந்து என்று ஆளாளுக்கு வாங்குவதாலேயே காட்டில் ஒன்று இல்லாமல் போகிற வேடிக்கையை எந்த ஆலோசனைப் பட்டியலும் சொல்வதில்லை.

மண்ணைத் தொடுவது அடுத்தது. கண்டி வீட்டுத்தோட்டம் விவசாயப் பாடநூல்களில் இடம் பிடித்த சங்கதி. மேலே தென்னை, கமுகு, கித்துல். அதற்குக் கீழே பலா, ஈரப்பலா. இன்னும் கீழே கராம்பு, சாதிக்காய், கோப்பி. மரத்தில் ஏறுகிற மிளகுக்கொடி. தரையில் இஞ்சி, மஞ்சள், கீரை. வெளியிலிருந்து பார்த்தால் காடு. உள்ளே போனால் ஒவ்வொரு மரத்துக்கும் கணக்கு இருக்கும். விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் பக்கத்தில் பேராதனையில்தான். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரே வர்த்தமானியில் தடை செய்தபோது விளைச்சல் சரிந்து, நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு ஜூனில், தட்டுப்பாட்டின் நடுவே, அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். இயற்கையை உத்தரவு போட்டு வரவழைக்கப் பார்த்த கதை அது. தலைமுறை தலைமுறையாகப் பலா நட்டு வந்த தோட்டக்காரர் எந்த வர்த்தமானியையும் படித்து நட்டவர் அல்லர்.

தோட்டம் என்ற சொல்லுக்கே இங்கே இன்னொரு பொருள் உண்டு: தேயிலைத் தோட்டம். கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதிலிருந்து, லயத்துக் காம்பராக்களில் வாழ்ந்த தொழிலாளர்கள் வீட்டு வாசலிலும் கானோரத்திலும் வல்லாரை, பொன்னாங்காணி பறித்தார்கள். கைப்பிடி நிலத்தில் போஞ்சியும் கிழங்கும் போட்டார்கள். அதை யாரும் இயற்கை வாழ்வு என்று அழைக்கவில்லை. சம்பளம் போதவில்லை, அவ்வளவுதான். அதே வல்லாரை இன்று கண்டி நகரத்துக் குளிரூட்டிய கடைகளில் பொலித்தீன் உறைக்குள் இருக்கிறது. தைப்பொங்கலன்று லயத்து வாசலில் மூன்று கல் வைத்து விறகடுப்பில் பானை பொங்குகிறபோது, பக்கத்துத் தகரத்தில் அதே செடி இலவசமாகத் துளிர்த்து நிற்கும்.

நடக்கப் போகிறவருக்கு உடவத்தகெலே. தலதா மாளிகைக்குப் பின்னால் ஏறினால் நூறு ஹெக்டேயருக்குச் சற்றுக் கூடுதலான காடு, 1938இலிருந்து சரணாலயம். மழை விட்ட ஜனவரிக் காலையில் அங்கே காத்திருப்பது அட்டைகள். காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு போகிறவர் உண்டு, உப்புப் பொட்டலத்தோடு போகிறவர் உண்டு. இரண்டையும் மறந்து போய், வீட்டுக்கு வந்து சொக்ஸைக் கழற்றுகிறபோது கத்துகிறவரே அதிகம்.

மாலையில் வாசல் மூடிய பிறகும் காட்டோர வீதியில் நிற்கலாம். குரங்குகள் அடங்கிவிடும், கீழே நகரத்து பஸ்களின் ஹோன் சத்தம் மட்டும் மேலேறி வரும். யாரோ ஒருவர் கைத்தொலைபேசியில் நேரம் பார்க்கிறார். ஐந்து ஐம்பத்தெட்டு. இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், சருகுக்குள்ளிருந்து அந்த இரண்டு சுரம்.