கண் வெளுத்த பிறகும்

மலேசியாவில், தம்பினிலிருந்து கெமஞ்சே போகும் சாலையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். பள்ளி நாளில் மஞ்சள் காமாலை வந்தபோது, ஆயா லயத்துக்குப் பின்னால் முளைத்திருந்த கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் குடிக்கவைத்தார். சில வாரங்களில் கண் வெளுத்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் செடியை யாரும் மிதிக்கமாட்டார்கள்.

முப்பது வயதுக்குமேல் இரத்த தானம் செய்யப் போனபோது, எனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. வெளியில் சொல்லக் கூசி மனத்துக்குள்ளேயே வைத்திருந்ததை இப்போதுதான் எழுதுகிறேன். சிறுவயதில் வந்தது ஹெபடைடிஸ் ஏ-ஆக இருக்கலாம், அது பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும் என்றார் மருத்துவர். பி வைரஸ் பிறப்பிலேயே அம்மாவிடமிருந்து வந்திருக்கக்கூடும். மலேசியாவில் குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1989இல்தான்.

அப்படியானால் ஆயாவின் செடி? அந்தக் கேள்வி என்னைப் படிக்கவைத்தது.

நாம் கீழாநெல்லி என்று பிடுங்குவது ஒரே செடியல்ல. தண்டு பச்சையாக, காய் வழவழப்பாக, சிறு காம்போடு இருப்பது பில்லாந்தஸ் அமாரஸ். தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாக ஒட்டியிருப்பது பில்லாந்தஸ் உரினாரியா. பச்சைத் தண்டுச் செடியில் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்ற லிக்னான் வகை வேதிப்பொருள்கள் உண்டு. நாக்கில் ஏறும் கசப்பு பில்லாந்தினுடையது. சோதனைக்கூடத்தில் எலியின் கல்லீரல் செல்களை நச்சிலிருந்து அது பாதுகாத்திருக்கிறது. சிவப்புத் தண்டுச் செடியில் அது மிகக் குறைவு, அல்லது இல்லை. ஆனால் ஜெரானீன், கோரிலாஜின் என்ற துவர்ப்புப் பொருள்கள் இரண்டிலும் உண்டு. ஆக, எதைப் பிடுங்கினோம் என்பதைப் பொறுத்து மருந்தே மாறிவிடுகிறது.

1988இல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு சேர்ந்து, 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பில்லாந்தஸ் அமாரஸ் பொடியை முப்பது நாள் உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் 1991இல் தாய்லாந்தில் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பிறகு வந்த ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தவில்லை. செடி வளர்ந்த மண்ணும் வகையும் வேறாக இருந்திருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். எனக்கு அந்தச் செடிமேல் மதிப்புக் குறையவில்லை. அதை நம்பி என் கல்லீரலை ஒப்படைக்கவும் மனம் வரவில்லை.

டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறேன். அது வைரஸைப் பெருகவிடாமல் அடக்குகிறது, ஒழித்துவிடுவதில்லை. ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன்.

ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் என்பதால் அண்ணனையும் தங்கையையும் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னேன். தங்கைக்கு இல்லை, உடனே தடுப்பூசி போட்டுக்கொண்டாள். "எனக்கென்னடா, வருஷா வருஷம் கீழாநெல்லி குடிக்கிறேனே" என்று தட்டிக்கழித்த அண்ணனை விடாமல் அழைத்துப் போனேன். அவருக்கு இருந்தது. இப்போது ஸ்கேனுக்கு இருவரும் ஒன்றாகப் போகிறோம்.