தார்ப்பாயும் தாட்பத்ரியும்

மழைக்காலம் நெருங்கும் வேளையில் புனேயின் போபோடியில் தார்ப்பாய் வாங்கச் செல்பவர் 'தாட்பத்ரி' என்று கேட்க வேண்டும். மராத்தியில் அச்சொல்லின் நேர்ப்பொருள் பனையோலை. தமிழருக்குச் சுவடியை நினைவூட்டும் ஓலை, இங்கே மழை மறைக்கும் துணியின் பெயராகியிருக்கிறது. ஆங்கிலத் தார்பாலினோ தமிழில் தாரும் பாயுமாகப் பிரிந்து, படுக்கும் பாயையும் பாய்மரத்தின் பாயையும் ஒருங்கே சுட்டுகிறது.

பாய் என்னும் சொல் மிகவும் பொருந்துவது படகுக்குத்தான். போபோடியின் விளிம்பில் முளா ஆறு ஓடுகிறது. முல்ஷி, பவனா அணைகளிலிருந்து நீர் திறக்கப்படும் நாள்களில் அது கரையோரக் குடியிருப்புகளை நெருங்கும். அத்தகைய கரையில் ஒரு பழைய மர விசைப்படகு நிற்பதாகக் கொள்வோம். மழைநாளில் தேவைப்படும் அப்படகு மழையாலேயே கெட்டுவிடக் கூடாது. அதற்குத்தான் கித்தான் உறை.

நீர் புகாமல் தடுப்பதே உறையின் முழுப்பணி என்று எண்ணுவது இயல்பு. ஆனால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுவதும் அதே அளவு முக்கியம். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் பூஞ்சை வளராது. காற்றுப் புகாத பிவிசி பூச்சுத் துணியால் இறுக மூடினால், உள்ளே வியர்க்கும் நீரே மரத்தைத் தின்றுவிடும். பருத்திக் கித்தான் நனைந்ததும் அதன் இழைகள் பருத்து நெசவின் துளைகளை அடைக்கின்றன; காய்ந்ததும் அவை மீண்டும் திறக்கின்றன. ஆயினும் முன்னும் பின்னும் காற்று வழி விட்டே தைக்க வேண்டும்.

அடுத்த பகை தேங்கும் நீர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர். 10 சதுர மீட்டர் உறையில் 50 மில்லிமீட்டர் மழை முழுவதும் தங்கினால் எடை அரை டன், தையல் கிழியும். ஆகவே நடுவில் நீளவாக்கில் ஒரு கழியை உயர்த்திக் கட்டி, கூரைபோல் இருபுறமும் சரிவு அமைப்பார்கள். மேல்துண்டின் விளிம்பு கீழ்த்துண்டின்மீது ஓடுபோல் படிய வேண்டும். பருத்தி நூல் நனைந்து பருத்து ஊசித்துளையை அடைக்கும், ஆனால் விரைவில் இற்றுப்போகும். பாலியெஸ்டர் நூல் நீடிக்கும், ஆனால் பருக்காது. பாலியெஸ்டர் இழைமேல் பருத்தி சுற்றிய நூல் இரண்டுக்கும் இடைவழி.

அளவெடுப்பதே கடினமான பகுதி. பல ஆண்டுகள் உழைத்த படகின் இடமும் வலமும் ஒத்திரா. வரைபடத்தைப் பார்த்து வெட்டிய துணி, கரையில் நிற்கும் படகுக்குப் பொருந்தாது. இலக்கியத்தைக் கண்டே இலக்கணம் வகுக்க வேண்டும் என்ற மரபில் பயின்றோருக்கு இது புதிதன்று. எனவே பிளாஸ்டிக் தாளைப் படகின்மீதே விரித்து, கயிறு கட்டும் முளைகளையும் கண்ணாடியின் முனைகளையும் குறித்துக்கொள்வார்கள். துணி உராயும் அவ்விடங்களில் இரட்டைத் துண்டு வைத்துத் தைப்பார்கள். புதுப் பருத்தி சுருங்குமாதலால், வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைப்பதும் உண்டு.

அந்தத் தாளைப் பத்திரப்படுத்தினால் அடுத்த உறைக்குப் பாதி வேலை முடிந்தது எனலாம். எனினும், அதையும் படகின்மீது மறுபடி விரித்துப் பார்த்த பின்னரே துணியை வெட்ட வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் படகும் சற்று மாறியிருக்கும்.