எந்தத் தெரு?

சங்கரன்கோயில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. 2000த்தை ஒட்டின வருசங்கள். மணிக்கு ரெண்டு ரூபா. ஆனா துட்டு இருந்தா மட்டும் வண்டி கிடைச்சிராது.

"எந்தூருல? எந்தத் தெரு? யாரு மகன்?"

வண்டி திரும்பி வரணுமில்லையா, கேக்கத்தான் செய்வாங்க. ஆனா நான் "காலனி"ன்னதும் கடைக்காரர் முகம் மாறும். என்கூடப் படிச்ச மேலத்தெருப் பையனுக்குப் பெல்லு, பிரேக்கு உள்ள வண்டி. எனக்குச் செயின் கழலுற வண்டி. சில நாள் அதுவும் இல்லை. வரிசையா நிக்கிற சைக்கிள்களைப் பாத்துக்கிட்டே நடந்து வருவேன்.

கிடைச்ச நாள்லயும் ஊர்த்தெரு முனையில இறங்கி உருட்டித்தான் போகணும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது 1989ல். அந்தச் சட்டம் எங்க ஊர்த்தெருவுக்குள்ள வரலை. "எறங்கிருடா, வம்பு வேணாம்" என்பார் எங்கய்யா. அவர் எனக்கு ஓட்டச் சொல்லிக்குடுத்ததைவிட இறங்கச் சொல்லிக்குடுத்ததுதான் அதிகம்.

வேலை நிமித்தம் ரெண்டு வருசம் லண்டனில் இருந்தேன். அங்கே 2010லிருந்து பொது வாடகை சைக்கிள் ஓடுகிறது. தெரு ஓரத்தில் சிவப்பு வண்டிகள் பூட்டி நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹைட் பார்க் பக்கம் எடுத்துப் பார்த்தேன். எந்திரம் பேங்க் கார்டைக் கேட்டது. ஒரு எண் கொடுத்தது. அதை அழுத்தினேன், பூட்டு திறந்தது. அவ்வளவுதான். கார்டு இல்லாத ஏழைக்கு அது திறக்காது என்பதும் தெரியும். இருந்தாலும் எந்தத் தெருன்னு கேக்காம ஒரு சைக்கிள் என் கைக்கு வந்தது அன்னைக்குத்தான். பெரிய பெரிய வீடுகள் இருந்த தெரு வழியா இறங்காமலே போனேன். கண்ணு கலங்கிருச்சு. எங்கய்யா நெனப்பு.

அடுத்த வாரம் ஈஸ்ட்ஹாமில் ஒரு தமிழர் வீட்டு விருந்து. சைக்கிள் கதையைச் சொன்னேன். சிரிச்சாங்க. இலையில சோறு விழுறப்போ ஒருத்தர் மெதுவாக் கேட்டார்:

"சங்கரன்கோயில்ல தம்பி எந்தப் பக்கம்? எந்தத் தெரு?"

கடல் தாண்டியும் அதே கேள்வி. பிரிட்டன் சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்க 2013ல் அந்த நாட்டுப் பார்லிமெண்டு வழிசெய்தது. சேர்க்கப்போவதில்லை என்று 2018ல் அரசாங்கம் கைவிரித்தது. யாருக்காக என்று அந்த இலை முன்னால உக்காந்திருந்தப்போ புரிஞ்சது.

முன்னெல்லாம் இந்த மாதிரி இடத்துல டவுன் பேரை மட்டும் சொல்லித் தப்பிச்சிருக்கேன். அதுவும் சைக்கிளை விட்டு இறங்குறது மாதிரிதான். அன்னைக்கு இறங்கலை.

"காலனி"ன்னு எல்லாருக்கும் கேக்கச் சொன்னேன். சொல்லிட்டுச் சாப்பிட ஆரம்பிச்சேன்.