காங்கேயனோடைத் தாயும் எங்கட போன் கலண்டரும்



கொஞ்சம் நீளமான பதிவு. அலுவலக மின்னஞ்சல் வைத்திருக்கிற ஆசிரியர்கள், கிளாக்மார், வங்கியில் வேலை செய்கிற தம்பிமார் நேரம் எடுத்து வாசியுங்கள். எங்கட வெட்கக் கதைதான் இது.

போன தவணையில் ஒரு புதன்கிழமை. காங்கேயனோடையில் இருந்து ஒரு தாய் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து, காலை எட்டரைக்கே பாடசாலைக்கு வந்திருக்கிறார். பிள்ளை தரம் 8. கொஞ்ச நாளாக வகுப்பில் வாய் திறப்பதில்லை, வாசிக்கச் சொன்னால் அழுகை. அந்தத் தாயை வரச் சொன்னதே நாங்கள்தான். பத்தரை மணி வரை அதிபரின் அறைக்கு வெளியே வாங்கில் இருந்துவிட்டுப் போய்விட்டார். அந்த நேரம் தரம் 8க்குப் பொறுப்பான நாங்கள் மூன்று பேரும் மட்டக்களப்பு டவுனில் ஒரு செயலமர்வில் இருந்தோம்.

சந்திப்பை எழுதாமல் விடவில்லை. பாடசாலைக் கணக்கின் கூகுள் கலண்டரில் பிள்ளையின் பெயர், தாயின் பெயர், வீட்டுப் பிரச்சினை என்று எல்லாமே எழுதி வைத்திருந்தோம். ஆனால் அது எங்கட போனுக்கு வரவில்லை. மூன்று கிழமையாக எதுவுமே வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதுதான் கதை.

முஸ்லிம் பாடசாலை ஆசிரியர்களுக்குத் திகதிக் குழப்பம் புதிதல்ல. எங்களுக்குத் தவணைத் திகதிகள் வேறு, நோன்புக்கு விடுமுறை வேறு. ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள் என்பதால் நோன்பு வருடா வருடம் பத்து, பதினொரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். பெருநாளோ பிறை தெரிந்த பிறகுதான் உறுதி. அதனால் ஹிஜ்ரித் திகதி, தொழுகை நேரம், பாடசாலை வேலை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டுகிற ஒரு செயலியைப் போனில் இறக்கினோம். பழைய கலண்டரைப் பார்ப்பதையும் விட்டோம். புதியதில் பாடசாலைக் கணக்கை இணைக்கப் போனால், ஒவ்வொரு தடவையும் "அக்செஸ் புளொக்ட்" என்று ஒரு பக்கம் வந்து நின்றது.

பிறகு எல்லோரும் செய்கிறதைத்தான் நாங்களும் செய்தோம். செயலியை அழித்துத் திரும்ப இறக்கினோம். போனை நிறுத்தி ஏற்றினோம். பாஸ்வேர்டை மாற்றினோம். கடைசியில் ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போனோம். தம்பி ஒருவர், "டீச்சர், பாஸ்வேர்டைச் சொல்லுங்க, நான் பார்க்கிறன்" என்றார். சொன்னோம். அதுவும் சரிவரவில்லை. பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டோம்.

அந்தத் தாய் திரும்பிப் போன அன்று பின்னேரம்தான், அந்தப் பிழைச் செய்தியை முதல் தடவையாக முழுவதும் வாசித்தோம். 400 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் "அட்மின்" என்ற சொல் இருந்தது. எங்கட போனில் பிழையே இல்லை. பாடசாலைக் கணக்குகளை நிர்வகிக்கிறவர் போட்ட பூட்டு அது. மூன்று கிழமையாகத் தட்ட வேண்டிய கதவை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தட்டியிருக்கிறோம்.

லொகின் பிழை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, "இல்லை" என்று சொல்கிறது யார் என்பதைத்தான். மூன்று பேரில் ஒருவர்தான் சொல்வார்.

ஒன்று, போன். போனின் திகதியும் நேரமும் பிழை என்றால் லொகின் ஆகாது. "ஒட்டோமேட்டிக்" என்று போட்டுவிடுங்கள். போனில் இரண்டு கணக்கு இருந்தால், அலுவலகக் கணக்கு என்று நினைத்துச் சொந்தக் கணக்கை அமுக்கியிருப்போம். மேலே தெரிகிற முகவரியைப் பாருங்கள். பேஸ்புக்கில் வந்த இணைப்பை அதற்குள்ளேயே திறந்து லொகின் செய்யப் போனால் 403 என்று வரலாம். மற்றச் செயலிக்குள் திறக்கிற பக்கத்தில் பாஸ்வேர்ட் அடிக்க கூகுள் விடுவதில்லை. அதே இணைப்பைக் குரோமில் திறந்தால் சரி.

இரண்டு, செயலி. முன்பு செயலிக்கு உள்ளேயே பாஸ்வேர்டை அடித்துக் கொடுப்போம். சொந்த ஜிமெயில் கணக்குகளுக்குக் கூகுள் 2022 மே மாதத்தோடு அந்த முறையை நிறுத்தியது. அலுவலக மின்னஞ்சல்களுக்கு மைக்ரோசொப்ட் அதே வருடம் ஒக்டோபரில் இருந்து நிறுத்தத் தொடங்கியது. இப்போது செயலி நம்மைக் கூகுளின் சொந்தப் பக்கத்துக்கு அனுப்பும். நாம் அங்கே அனுமதி கொடுத்தால், கூகுள் செயலிக்கு ஒரு டோக்கனைக் கொடுக்கும். பாஸ்வேர்ட் செயலியின் கைக்குப் போகாது. பழைய செயலி பழைய மாதிரியே கேட்டால் எத்தனை தடவை அடித்தாலும் பிழைதான் வரும். செயலியைப் புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மூன்று, அலுவலகம். இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. அதே செயலியில் சொந்த ஜிமெயில் வேலை செய்து, அலுவலகக் கணக்கு மட்டும் வேலை செய்யாவிட்டால், பெரும்பாலும் பூட்டு அலுவலகத்தில்தான். அங்கே பாஸ்வேர்டை மாற்றிப் பலனில்லை. பொறுப்பானவரிடம் கேட்பதுதான் ஒரே வழி.

நாங்கள் கேட்டோம். பாடசாலைக் கணக்குகளைப் பார்க்கிறவர் எங்கட தகவல் தொழில்நுட்ப சேர்தான். ஒரே ஆசிரியர் அறையில் இருந்தும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. அவர் பூட்டைத் திறந்துவிடுவார் என்று நினைத்தோம். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்த எப் என்னென்ன கேட்குது எண்டு பார்த்தீங்களா டீச்சர்?"

சொந்த ஜிமெயிலில் "அலவ்" என்று வாசிக்காமலே அமுக்கிய அந்தப் பக்கத்தை அவர் முன்னால் திரும்பத் திறந்தோம். எங்கட எல்லாக் கலண்டர்களையும் பார்க்க, மாற்ற, மற்றவர்களோடு பகிர, நிரந்தரமாக அழிக்க அனுமதி கேட்டிருந்தது. தொழுகை நேரம் காட்ட இவ்வளவும் எதற்கு? அதை நடத்துகிறவர் யார் என்றும் எங்களுக்குத் தெரியாது.

2017 மே 3ஆம் திகதி உலகம் முழுக்க நடந்ததை அவர் நினைவூட்டினார். "கூகுள் டொக்ஸ்" என்ற பெயரிலேயே ஒரு பொய்ச் செயலி மின்னஞ்சலில் வந்தது. யாருடைய பாஸ்வேர்டையும் அது திருடவில்லை, அனுமதி மட்டும்தான் கேட்டது. "அலவ்" அமுக்கியவர்களின் தொடர்புப் பட்டியலுக்கெல்லாம் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. ஒரு மணித்தியாலத்துக்குள் கூகுள் அதை நிறுத்தினாலும் இலட்சக்கணக்கானவர்களைத் தொட்டுவிட்டது.

எங்களுக்கு அப்போது அந்தத் தாயின் பெயர்தான் ஞாபகம் வந்தது. அவருடைய வீட்டுக் கதையைக் கலண்டரில் எழுதி, அதை யாரென்று தெரியாத ஒருவருக்குத் திறந்துவிட மூன்று கிழமை பாடுபட்டிருக்கிறோம். எங்களை ஆத்திரப்படுத்திய அந்தப் பூட்டு அவரைத்தான் பாதுகாத்திருக்கிறது. கொமினிகேஷன் கடையில் பாஸ்வேர்டைச் சொன்ன நாங்களோ பாதுகாக்கவில்லை.

சேர் அந்தச் செயலிக்கு அனுமதி தரவில்லை. போனில் ஏற்கனவே இருக்கிற கூகுள் கலண்டரிலேயே பாடசாலைக் கணக்கைச் சேர்த்து, அமைப்புகளில் கலண்டர் ஒத்திசைவைப் போட்டுவிட்டார். ஐந்து நிமிஷ வேலை. தொழுகை நேரத்துக்குப் பள்ளிவாசல் பாங்கு இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

அன்றே பாஸ்வேர்டை மாற்றினோம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இணைந்திருக்கிற செயலிகளின் பட்டியலைப் பார்த்து, தெரியாததையெல்லாம் நீக்கினோம். எங்களில் ஒருவரின் கணக்கில் எப்போதோ விளையாடிய கேம் கூட இருந்தது. நீங்களும் இன்றைக்கே பாருங்கள். கலண்டரில் இப்போது "பெற்றோர் சந்திப்பு, 8பி, 8.30" என்று மட்டும் எழுதுகிறோம். பெயரும் விஷயமும் கொப்பியில், கொப்பி அலுமாரியில்.

சனிக்கிழமை அந்தத் தாயைத் தேடி வீட்டுக்கே போனோம். மன்னிப்புக் கேட்டோம். தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"நீங்க மறந்திட்டீங்க எண்டுதான் நினைச்சன் டீச்சர். எங்களை ஆர் ஞாபகம் வைக்கிற?" என்றார்.

கலண்டர் பிழைத்தது என்று அவரிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கிழமைக்கு இரண்டு நாள் இடைவேளையில் எங்களோடு இருந்து வாசிக்கிறதாக ஒத்துக்கொண்டது. இன்றைக்கு வரை ஒரு நாளும் தவறவில்லை, நாங்களும் தவறவில்லை.

இது தேவைப்படுகிற ஆசிரியர்களுக்குப் பகிர்ந்துவிடுங்கள். உங்கட அலுவலகத்தில் அந்த "அட்மின்" யார் என்று நாளைக்கே விசாரித்து வையுங்கள். லொகின் பிழை வந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். பாஸ்வேர்டை மட்டும் எங்களுக்கும் சொல்ல வேண்டாம்.

வஸ்ஸலாம்.