புடலங்காய்க்குக் கல் கட்டிய பள்ளிக்கூடம்

தஞ்சாவூர்ச் சீமையில் விவசாயம் என்றால் நெல்தான். குறுவை, சம்பா, தாளடி, மீறினால் அறுப்புக்குப் பின் உளுந்தும் பயறும். காய்கறி போடுவதெல்லாம் ஆற்றுப் படுகைக்காரர் வேலை. குடமுருட்டிப் படுகையில் கத்தரி, வாழை, வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் உண்டு. கரையை விட்டு உள்ளே இறங்கினால் களிமண். மழைக்குக் காலை விடாது, வெயிலுக்கு வெடித்துக் கிடக்கும். கொல்லை வைத்திருந்தவர்கள் பின்னால் ஒரு அவரைப் பந்தல் போட்டுக்கொண்டார்கள். கொல்லையே இல்லாதவர்கள் ஊரில் பாதிக்கு மேல். அவர்களுக்குக் காய் என்பது சந்தையில் கடைசி நேரத்தில் கழித்துப் போட்டதை வாங்குவது, இல்லாவிட்டால் வாய்க்கால் கரைப் பொன்னாங்கண்ணி.

பாபநாசம் தாலுகாவில் அப்படி ஒரு ஊரில்தான் நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படித்தேன். ஓட்டுக் கட்டடம், பின்னால் ஆடு மேயும் பொட்டல். அந்தப் பொட்டல் தோட்டமானதற்குக் காரணம் சத்துணவு.

காமராஜர் காலத்து மதிய உணவு எங்களுக்கு முன்னாலேயே இருந்தது. அறுபதுகளில் ‘கேர்’ நிறுவனத்தார் கப்பலில் அனுப்பிய கோதுமையும் மக்காச்சோள மாவும் பால் பவுடரும் அதற்கு வந்து சேர்ந்தன. நெல் மூட்டை லாரி லாரியாக வெளியேறும் ஊரில் பிள்ளைகள் அமெரிக்கக் கோதுமையைத் தின்றார்கள் என்பதை என் அத்தை சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கிவைத்தார். அதற்குப் பிறகு சோறு வந்தது. அரிசியும் பருப்பும் அளந்து வரும்; காய்க்கு மட்டும் தலைக்கு ஒதுக்கியது சில பைசா. அதனால் எங்கள் சாம்பாரில் வாரம் முழுக்கப் பரங்கிக்காய். திங்கள் பரங்கி, செவ்வாய் பரங்கி, புதனன்று பருப்பு மட்டும்.

மூன்றாம் வகுப்பு வாத்தியார் காந்தி வழி ஆதாரக் கல்விக் காலத்தில் பயிற்சி எடுத்தவர். தக்ளியில் நூல் நூற்கவும் பாத்தி கட்டவும் கற்றுக்கொண்டு வந்து, அதற்குள் ஆதாரப் பள்ளிகளே மறைந்துபோனதால் இரண்டையும் மனதுக்குள் வைத்திருந்தவர். தக்ளியை விட்டுவிட்டார். மண்வெட்டியை எடுத்தார்.

முதல் வேலை மண். “இந்தக் களியில கத்தரி வெச்சா அது நம்மளப் பாத்து அழும்டா” என்றார். கோடையில் வற்றிய குளத்திலிருந்து வண்டல், படுகையிலிருந்து மணல், ரைஸ்மில்லிலிருந்து உமிச் சாம்பல், ஊரெல்லாம் அலைந்து மாட்டுச் சாணம். அவரவர் தூக்கக்கூடிய அளவுக்குக் கூடை. சுற்றிலும் கிளுவைப் போத்து ஊன்றி வேலி. பாத்தி என்றால் எங்களுக்குத் தெரிந்தது நாற்றங்கால்தான். பள்ளமாக வெட்டித் தண்ணீர் நிறுத்தப் பார்ப்போம். அவர் மேட்டுப் பாத்தியாக உயர்த்தி, நடுவில் வடிகால் இழுத்தார். ஐப்பசி அடைமழையில் வயலெல்லாம் கடலாகக் கிடக்கும்போது எங்கள் கத்தரி மட்டும் வேர் அழுகாமல் நின்றது அந்த வடிகாலால்தான். நெல் தண்ணீரில் நிற்கும், கத்தரி தண்ணீர் குடித்துவிட்டுக் கரையேறிவிடும் என்பார்.

முதலில் வந்தது முளைக்கீரை. விதையை மணலோடு கலந்து தூவி, மேலே வைக்கோல் பரப்பினோம். எறும்பு தூக்கிப் போகாமலிருக்கச் சுற்றிலும் சாம்பல். மூன்று வாரம் கழித்து வேரோடு பிடுங்கிக் கட்டு கட்டி ஆயாம்மாவிடம் கொடுத்தபோது, அவர் மண்ணை உதறிக்கொண்டே, “இதக் கழுவறதுக்கே எனக்கு ஒரு ஆள் வேணும்” என்று சலித்துக்கொண்டார். சலிப்புதான், மறுநாள் முதல் அடுக்களைக் கழுநீரை வீணாக்காமல் குடத்தில் பிடித்துவைத்தார். பிறகு வெண்டை. காலையில் பறிக்க வேண்டும், சுணை கையை அரிக்கும். முற்றலா பிஞ்சா என்று நுனியை ஒடித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு எல்லோரும் குட்டு வாங்கினோம்.

புடலை மட்டும் தனிக் கதை. ஆடிப் பட்டத்தில் ஊன்றி, மூங்கில் பந்தலில் ஏற்றிவிட்டோம். பிஞ்சு விரல் நீளம் ஆனதும் சுருண்டுகொள்ளப் பார்க்கும். அப்போது அதன் வாலில் வாழைநாரால் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கல் பெரிதானால் பிஞ்சு அறுந்துவிடும், சிறிதானால் காய் பாம்பாக வளையும். சரியான கல்லைத் தேடி ரயில்பாதை ஓரம் போய்ப் பொறுக்குவோம். யார் கட்டிய கல்லில் எந்தக் காய் தொங்குகிறது என்று ஒவ்வொருவருக்கும் அத்துப்படி. வாத்தியாரின் பிரம்பை ஓரமாக நட்டு, அதற்குமேல் நீண்டுவிட்டதா என்று காலையும் மாலையும் அளப்போம்.

வெள்ளிக்கிழமை அடுக்களைக்குப் போக மிஞ்சியதை முறை வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். ஒருமுறை தெற்குத் தெருப் பையன் ஒருவன் இரண்டு புடலங்காயைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். கால் மணி நேரத்தில் அவன் அம்மா அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நடவு வயலிலிருந்து வந்த கால், சேறு காயவில்லை.

“வாத்தியாரய்யா, இவன் எந்தக் கொல்லையில கை வெச்சான்னு கேளுங்க. நாளைக்கி எங்களுக்குத்தான் வேலை போவும்.”

“உம்மவன் போட்ட பாத்திம்மா. அவன் ஊத்துன தண்ணி. எடுத்துட்டுப் போ.”

அவர் உடனே நம்பவில்லை. பந்தலுக்குள் குனிந்து போய்ப் பார்த்தார். அந்தத் தெருவில் குடிசை நின்ற மனை 1971-ஆம் வருடத்துச் சட்டத்தால்தான் அவர்களுக்கு உரிமையானது. குடிசையைத் தாண்டினால் ஒரு சாண் மண் கிடையாது. தலைமுறை தலைமுறையாக நட்டு, களையெடுத்து, அறுத்துக் களத்தில் கொட்டியது எல்லாம் இன்னொருவர் பத்தாயத்துக்கு. மரக்காலில் அளந்து போட்ட கூலி நெல்தான் அவர்கள் பங்கு. மகன் விளைவித்ததை மகனே வீட்டுக்குக் கொண்டுவருவது என்றால் யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? எனக்கு வீட்டில் கொல்லை இருந்தது. பள்ளித் தோட்டம் எனக்கு விளையாட்டு, அவனுக்கு வேறு ஏதோ என்பது அந்த வயதிலேயே அரைகுறையாகப் புரிந்தது.

போகும்போது அந்த அம்மா, “கூரையில ஏத்துற மாதிரி ஏதாச்சும் வெத இருக்கா?” என்று கேட்டார். நோட்டுத் தாளில் சுரை விதை மடித்துக் கொடுத்தார் வாத்தியார். தை மாதம் தெற்குத் தெருவில் பல கூரைகளில் சுரைக்கொடி.

சத்துணவில் பிறகு எத்தனையோ சேர்ந்துவிட்டது. 1989-ல் முட்டை வந்தது. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கியதே எங்கள் டெல்டாவின் திருக்குவளைப் பள்ளியில்தான். பள்ளிதோறும் ஊட்டச்சத்துத் தோட்டம் வேண்டும் என்று மத்திய அரசு 2019-ல் வழிகாட்டியும் வெளியிட்டது. எங்கள் பள்ளியில் இப்போது அதற்கு ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. கீழே ஒரு கறிவேப்பிலைக் கன்று. பழைய தோட்டத்தின்மேல் வகுப்பறை எழும்பிவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன், வகுப்பறையும் வேண்டும்தானே. பலகையை மட்டும் கன்று வளர்ந்தபின் வைத்திருக்கலாம்.

அந்தத் தெற்குத் தெருக்காரன் இப்போது படுகையில் குத்தகைக்குக் காய் போடுகிறான். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பந்தலடியில் நின்று பேசினோம். குட்டைப் புடல்தான் இப்போது விலை போகிறதாம், கல் கட்டும் வேலையே இல்லையாம். “மயிலுக்குக் காவல் இருக்குறதுக்கே பொழுது போயிடுது” என்றான். சென்னையில் புடலங்காய் கிலோ என்ன விலை என்று கேட்டான். சொன்னேன். கும்பகோணத்தில் தனக்குக் கிடைப்பதை மனதுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு, கமிஷன்காரனை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான்.